அழுத கண்களும் தீர்ப்பிட்ட நாவும்

ஒலிவ மலையின் மேற்குச் சரிவில், எருசலேம் மாநகரைப் பார்த்தவாறு ஒரு சிற்றாலயம் நிற்கின்றது. ‘ஆண்டவர் அழுதார்’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்களே அதன் பெயர். பிரான்சிஸ்கன் துறவியரின் பொறுப்பிலுள்ள அவ்வாலயத்தை இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூச்சி 1955ஆம் ஆண்டு கட்டி முடித்தார். கூரை கண்ணீர்த் துளியின் வடிவில் அமைந்துள்ளது. கிழக்கு நோக்கிப் பீடம் அமைப்பதே திருச்சபையின் பழைய மரபு. இங்கோ பீடம் மேற்கு நோக்கியுள்ளது. பீடத்துக்குப் பின்னே பெரிய சன்னல். அதன் வழியே எருசலேம் தெரிகின்றது. பீடத்தின் முன்புறத்தில், சிறகு விரித்துக் குஞ்சுகளை அணைக்கும் கோழி ஒன்றின் உருவம் வண்ணக்கல் பதித்துத் தீட்டப்பட்டுள்ளது. நம் மறைமாவட்டங்களிலிருந்து திருநாட்டுப் பயணம் சென்று வந்தோர் பலர் அச்சன்னலருகே நின்று செபித்திருப்பர்.

அங்கே நினைவுகூரப்படும் நிகழ்ச்சியை லூக்கா மட்டுமே தம் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்துள்ளார். கழுதைக்குட்டியின்மேல் அமர்ந்து ஆண்டவர் மலையிலிருந்து இறங்குகிறார். சீடர் கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது. வழியெங்கும் மேலுடைகள் விரிக்கப்படுகின்றன. எல்லாரும் மகிழ்ந்திருக்க, அரசராக வாழ்த்தப் பெற்றவர் மட்டும் நகரைக் கண்டதும் அழுகிறார். இலாசரின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டதைச் சொல்ல யோவான் ஆளும் கிரேக்கச் சொல் வேறு. இங்கு லூக்கா ஆளும் சொல் வேறு. இது வாய்விட்டு அழுவதைக் குறிக்கும் சொல். நயீன் ஊர்க் கைம்பெண் தன் ஒரே மகனின் பாடையைத் தொடர்ந்து அழுதாளே, பேதுரு சேவல் கூவியபின் வெளியே சென்று மனம் கசந்து அழுதாரே, அங்கெல்லாம் லூக்கா ஆண்ட அதே சொல்லே இங்கும் வருகின்றது. பிள்ளையை இழந்த தாயின் அழுகையும் அன்பை மறுதலித்த சீடரின் அழுகையும் எச்சொல்லால் சொல்லப்பட்டனவோ, அச்சொல்லாலேயே மறுக்கப்பட்ட அன்பின் அழுகையும் சொல்லப்படுகின்றது.

இக்கண்ணீரைத் திருச்சபையின் மக்களாகிய நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாக எவ்வாறு வாசித்து வந்துள்ளோம்? பெருமைப்படவும் வெட்கப்படவும் இடமுள்ள அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும்.

இறைவாக்கினர் வழி வந்த கண்ணீர்

ஆண்டவரின் அழுகை ஒலிவ மலையில் திடீரெனத் தோன்றியதன்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட நாடாகிய இஸ்ரயேலில் வாழ்ந்த ஓசேயா, இறைவனை மனைவியால் கைவிடப்பட்ட கணவராகக் காட்டினார்; பின்பு நடைபழகும் குழந்தையின் கைப்பிடித்த தந்தையாகக் காட்டினார். அத்தந்தை வளர்ந்த மகனின் நன்றிகேட்டைக் கண்டு சினம் கொள்கிறார். ஆயினும் தண்டிக்க ஓங்கிய கையை அவரது உள்ளமே தடுக்கின்றது. தாம் மனிதரல்லர், இறைவன் என்பதையே அழிக்காமைக்குக் காரணமாகச் சொல்கிறார். பழி தீர்ப்பது மனித இயல்பு. பழியைத் தம்முள்ளேயே தாங்கிக் கொள்வது இறைமையின் இயல்பு. இதுவே ஓசேயா கண்ட உண்மை.

எரேமியா நூலின் 8, 9ஆம் அதிகாரங்களை வாசிப்போர் ஓரிடத்தில் திகைத்து நிற்பர். அங்கே அழுவது இறைவாக்கினரா, அவரை அனுப்பிய இறைவனா என்று பிரித்தறிய முடிவதில்லை. மீக்கா நூலில் இறைவன் தம் மக்கள்மீது வழக்குத் தொடுக்கிறார். ஆனால் வழக்காடு மன்றத்தில் அவர் முதலில் கேட்பது, தாம் அவர்களுக்கு என்ன தீங்கு செய்தோம் என்பதே. குற்றம் சாட்ட வந்தவர் தம்மையே விசாரணைக்கு உட்படுத்திக் கொள்ளும் விந்தை இது! பெரிய வெள்ளியன்று திருச்சிலுவையை முத்தமிடும் வேளையில் நாம் பாடும் முறையீட்டுப் பாடல்கள் இவ்விடத்திலிருந்தே பிறந்தன.

யூதர்தம் மரபும் இக்கண்ணீரை மறவாது காத்தது. புலம்பல் நூலுக்கு யூத மறைவல்லுநர் எழுதிய பண்டைய விளக்கவுரையில் ஒரு காட்சி உண்டு. கோவில் எரிந்தபோது இறைவன் அழுகிறார். வானதூதர் ஒருவர் முகங்குப்புற விழுந்து, நான் அழுகிறேன், நீர் அழலாகாது என்று மன்றாடுகிறார். இறைவனோ, இங்கு அழவிடாவிடில் நீ நுழைய முடியாத மறைவிடம் சென்று அழுவேன் என்கிறார். ஒலிவ மலையில் அழுதவரின் சொந்த இனத்தார், அவரை ஏற்காத நிலையிலும், அழும் கடவுளை அறிந்திருந்தனர் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

கண்ணீருக்கு அஞ்சியோர்

திருச்சபையிலோ தொடக்கத்தில் இக்கண்ணீர் சிலருக்கு அச்சமூட்டிற்று. சைப்பிரசுத் தீவில் சலாமிஸ் நகர ஆயராயிருந்த புனித எப்பிபானியுஸ் 374ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் வியப்பான செய்தியொன்றைத் தருகிறார். இயேசு அழுதார் என்னும் சொல் லூக்கா நற்செய்தியின் திருத்தப்படாத படிகளில் உள்ளது என்றும், நேரிய நம்பிக்கையுடைய சிலர் அச்சத்தால் அதை நீக்கிவிட்டனர் என்றும், அதன் ஆற்றலை அவர்கள் உணரவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

அஞ்சியதற்குக் காரணம் இல்லாமலில்லை. மகன் தந்தைக்கு இணையான கடவுளல்லர் எனப் போதித்த ஆரியுசின் சீடர்கள், அழுபவர் எங்ஙனம் கடவுளாவார் என வாதிட்டனர். கிரேக்க மெய்யியலும் கடவுள் உணர்ச்சிகளால் அலைக்கழிக்கப்படாதவர் என்றே கற்பித்தது. இக்கருத்தில் காக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நம்மைப் போலக் குறையினாலோ, கையறு நிலையினாலோ, மனமாற்றத்தினாலோ கடவுள் துன்புறுவதில்லை. அப்படித் துன்புறுவாராயின் நம்மை மீட்க அவரால் இயலாது.

ஆயினும் அவரது அன்பு உணர்வற்ற கல்லன்று. 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரிஜன், எசேக்கியேல் நூலுக்கு ஆற்றிய மறையுரையில், தந்தையும் ஒருவகையில் துன்புறுகிறார், அது அன்பினால் வரும் துன்பம் என்று துணிந்து சொன்னார். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் புனித பெர்னார்து தம் உடன்பிறந்த ஜெரார்தை இழந்து புலம்பிய மறையுரையில், கடவுள் துன்பத்துக்கு உட்படாதவராயினும் துன்புறுவோருடன் துன்புறாதவரல்லர் எனும் கருத்தை எழுதி வைத்தார். நம் காலத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தூய ஆவியாரைப் பற்றி 1986இல் எழுதிய சுற்றுமடலில், மனிதரின் பாவத்தால் கடவுளின் உள்ளத்தில் எழும், சொல்லுக்கடங்காத வேதனையைப் பற்றிப் பேசினார். நற்செய்திப் படியிலிருந்து அச்சத்தால் அழிக்கப்பட்ட சொல், இங்ஙனம் திருச்சபையின் போதனையில் மெல்ல மெல்லத் தன் இடத்தைப் பெற்றது.

கண்ணீர் தீர்ப்பாக மாறிய காலம்

அச்சத்தினும் கொடியதொன்று வேறு வழியில் வந்தது. 70ஆம் ஆண்டில் உரோமைத் தளபதி தீத்துவின் படைகள் எருசலேமைக் கைப்பற்றிக் கோவிலை எரித்தன. 135இல் இரண்டாம் கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டபின் மன்னர் அத்ரியான் அந்நகரில் நுழையவே யூதருக்குத் தடை விதித்தார். இயேசு எதை எண்ணி அழுதாரோ அது நடந்தேறியது. அழுதவரைப் பின்பற்றியோர் என்ன செய்திருக்க வேண்டும்? அவரோடு அழுதிருக்க வேண்டுமன்றோ!

333ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் போர்தோ நகரிலிருந்து எருசலேம் வந்த கிறிஸ்தவப் பயணி ஒருவர், யூதர்கள் ஆண்டுக்கொருமுறை கோவிலின் இடிபாட்டிடத்துக்கு வந்து, துளையுள்ள கல்லொன்றில் எண்ணெய் பூசி, ஆடைகளைக் கிழித்துப் புலம்பிச் சென்றதைக் குறித்து வைத்துள்ளார். அந்நூற்றாண்டின் இறுதியில் பெத்லகேமில் வாழ்ந்த புனித ஜெரோமும் அக்காட்சியை விவரிக்கிறார். செப்பனியா நூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரையில், தங்கள் நகரின் அழிவை நினைந்து அழுவதற்குக்கூட யூதர்கள் படைவீரருக்குப் பணம் கொடுத்ததைக் காண்கிறோம். தளர்ந்த முதியோரும் கந்தலுடுத்த பெண்களும் கூடி அழுகின்றனர். ஒலிவ மலையிலோ கிறிஸ்துவின் சிலுவை ஒளிர்கின்றது. இதைக் கண்டு அப்பெரும் மறைநூல் அறிஞர், இவர்கள் துயருற்றவர்களே, ஆயினும் இரக்கத்துக்குரியவர்களல்லர் என்னும் பொருள்பட எழுதினார்.

இவ்வரிகளை வாசிக்கையில் நம் உள்ளம் நடுங்குகின்றது. ஆண்டவர் எந்த மலையில் நின்று அழுதாரோ அதே மலை. எந்த நகருக்காக அழுதாரோ அதே நகர். அவரது இனத்தாரே அதே அழிவுக்காக அழுகின்றனர். அவரது திருநூலை நமக்கு இலத்தீனில் பெயர்த்துத் தந்த புனிதரின் கண்களில் மட்டும் நீரில்லை! ஜெரோமைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அத்துணைப் பெரியவரே வழுக்கிய இடம் எவ்வளவு வழுக்கலானது என்பதை உணர்வதே நோக்கம். ஆண்டவரின் கண்ணீரை அவர் கூறிய தீர்ப்பாகவும், தீர்ப்பை நமக்களிக்கப்பட்ட உரிமையாகவும் நாம் மாற்றிக்கொண்டோம்.

அதன் விளைவுகள் வழிபாட்டிலும் தெருவிலும் வெளிப்பட்டன. பெரிய வெள்ளியின் பொது மன்றாட்டுகளில் மற்றெல்லாருக்காகவும் முழந்தாளிட்ட கிறிஸ்தவர்கள், யூதருக்கான மன்றாட்டின்போது மட்டும் பல நூற்றாண்டுகளாக முழந்தாளிடவில்லை. 1096ஆம் ஆண்டில் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டத்தினர் இரைன் ஆற்றங்கரை நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தனர். ஸ்பையர் நகரில் ஆயர் யோவான் பெரும்பாலோரைக் காத்தார். வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் ஆயரின் மாளிகையில் அடைக்கலம் புகுந்தோரும் தப்பவில்லை. 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் யூதர்கள் தனி உடையால் அடையாளம் காணப்பட வேண்டுமென விதித்தது. 1492இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

இவ்விருளிலும் விளக்குகள் இல்லாமலில்லை. 1146இல் இரண்டாம் சிலுவைப் போரின்போது ருதோல்பு எனும் துறவி யூதரைக் கொல்லும்படி மக்களைத் தூண்டினார். அவரைத் தடுத்து நிறுத்த செருமனிக்கே நேரில் சென்றவர் புனித பெர்னார்து. யூதரைக் குறித்து அவரும் தம் காலத்தின் கடுஞ்சொற்களைச் சொன்னவரே. ஆயினும் தமையனின் பிரிவால் அழுது, கடவுள் உடன் துன்புறுபவர் என்று கண்டுகொண்டவரால், அக்கடவுளின் பெயரால் பிறர் கொல்லப்படுவதைப் பார்த்திருக்க முடியவில்லை. இவ்விரண்டையும் இணைத்துக் காண்பது நம் துணிவு என்றாலும், பொருந்தாத் துணிவன்று என எண்ணுகிறோம்.

மீண்டும் முழந்தாளிட்ட திருச்சபை

உண்மையில் திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனை ஒருபோதும் பழியை ஓரினத்தின்மேல் சுமத்தி அமைதி கொள்ளவில்லை. திரிதெந்து சங்கத்தின் முடிவுப்படி 1566இல் வெளியான மறைக்கல்வி ஏடு, ஆண்டவரின் பாடுகளுக்குப் பாவிகளாகிய நாமே காரணம் என்றும், அறியாமல் செய்த யூதரைக் காட்டிலும் அறிந்தே பாவம் செய்யும் கிறிஸ்தவரின் குற்றம் பெரிதென்றும் தெளிவாகக் கற்பித்தது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இப்போதனையை மீண்டும் எடுத்துரைக்கின்றது. ஏட்டில் இருந்தது; ஏனோ நம் இதயங்களில் இறங்கவில்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த யூத இனப் படுகொலை திருச்சபையின் கண்களைத் திறந்தது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக் ஒரு யூதர். அவருடைய மனைவியும் மகளும் 1943இல் பிடித்துச் செல்லப்பட்டு அவுஷ்விட்சில் மாண்டனர். பழி வாங்க எண்ணாத அம்முதியவர், கிறிஸ்தவப் போதனையில் கலந்துவிட்ட இகழ்ச்சியை ஆராய்ந்தெழுதினார். 1960 சூன் 13ஆம் நாள் திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்தார். தாம் நம்பிக்கையோடு திரும்பலாமா என்று அவர் வினவியதற்கு, நம்பிக்கைக்கும் மேலானதற்கு உமக்கு உரிமையுண்டு என்னும் பொருள்படத் திருத்தந்தை விடையளித்தார்.

அதற்கு முன்னரே மாற்றம் தொடங்கியிருந்தது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் புனித வாரத் திருவழிபாட்டைச் சீரமைத்தபோது, யூதருக்கான மன்றாட்டிலும் முழந்தாளிடுதல் மீண்டும் இடம்பெற்றது. 1959இல் 23ஆம் யோவான் அம்மன்றாட்டிலிருந்த இழிசொல்லை நீக்கச் செய்தார். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையை 2221 வாக்குகள் ஆதரவாகவும் 88 எதிராகவும் பெற்று வெளியிட்டது. அன்றிருந்த யூதர் அனைவர்மீதோ, இன்றுள்ள யூதர்மீதோ ஆண்டவரின் பாடுகளுக்கான பழியைச் சுமத்தலாகாது என்றும், அவர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டலாகாது என்றும் சங்கத் தந்தையர் கற்பித்தனர். இசாக்கும் 23ஆம் யோவானும் 1963லேயே இறந்துவிட்டதால் அந்நாளைக் காணவில்லை.

1980 நவம்பரில் மைன்ஸ் நகருக்குச் சென்ற இரண்டாம் யோவான் பவுல், அங்குள்ள யூதப் பெருமக்களிடம் பேசுகையில், பழைய உடன்படிக்கையைக் கடவுள் ஒருபோதும் திரும்பப் பெறவில்லை என்றார். 1096இல் குருதி ஓடிய அதே மைன்ஸ்! 2000 மார்ச் 26இல் அவர் எருசலேமின் மேற்குச் சுவரருகே தள்ளாடி நடந்து சென்று, மன்னிப்பு வேண்டும் செபத்தை ஒரு தாளில் எழுதிக் கற்களின் இடுக்கில் வைத்தார். யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அழுத சுவர் அது. ஜெரோமின் காலத்தில் நாம் நிற்கத் தவறிய இடத்தில், 1600 ஆண்டுகளுக்குப் பின் பேதுருவின் வழிவந்தவர் நின்றார்.

அவ்வாறாயின், இறையன்பை மறுப்பது ஒரு பொருட்டேயில்லையா என்று சிலர் கேட்கலாம். பொருட்டில்லையெனில் ஆண்டவர் ஏன் அழ வேண்டும்? மறுப்பு மெய்யானது, அதன் விளைவும் மெய்யானது. கட்டாயப்படுத்தும் அன்பு அன்பாகாது. ஆதலால் இறைவன் கதவை உடைப்பதில்லை. மறுக்கப்பட்டபின் நமக்கென்ன என்று திரும்பிச் செல்வதும் அன்பாகாது. ஆதலால் அவர் அகன்று போவதுமில்லை. உடைக்காமலும் அகலாமலும் வாசலில் நிற்பவருக்குக் கண்ணீரைத் தவிர வேறு வழியேது? திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 9ஆம் அதிகாரத்தைத் தம் இனத்தாருக்கான ஓயாத மனவேதனையோடு தொடங்குகிறார். 11ஆம் அதிகாரத்தில், கடவுளின் கொடைகளும் அழைப்பும் மாறாதவை என்று முடிவுக்கு வருகிறார். வேதனையிலிருந்து நம்பிக்கைக்குச் செல்லும் அவ்வழியில் பழிச்சொல்லுக்கு இடமேயில்லை.

நம் முற்றத்தில்

இது எங்கோ நடந்த பழங்கதையென்று நாம் ஒதுங்கிவிட இயலாது. யூதரையே கண்டிராத நம் ஊர்களிலும் பாஸ்கு நாடக மேடைகளில் அவர்கள் கொடுமையின் வடிவமாகவே தோன்றி வந்துள்ளனர். சிலுவைப் பாதையில் அவர்களுடைய பெயரைக் கடுஞ்சொல்லோடு சேர்த்தே உச்சரித்துப் பழகினோம். வெளியே உள்ளவர்மேல் பழிபோட்டுப் பழகிய நா, உள்ளேயுள்ளவரையும் விட்டு வைப்பதில்லை. ஆலயத்துக்கு வராமற்போனோர், பிற சபைகளுக்குச் சென்றோர், குடியில் வீழ்ந்தோர் ஆகியோரைப் பற்றி நாம் பேசும் தொனியைச் சற்றே கேட்டுப் பார்ப்போம்.

ஒளிப்பதேன்? பங்குத்தந்தையாக நாமும் அத்தவற்றைச் செய்தவரே. சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தில் எருசலேமுக்காக ஆண்டவர் அழுத பகுதியை வைத்து மறையுரையாற்றினோம். ஆலயத்தைப் புறக்கணிப்போருக்கு வரவிருக்கும் அழிவைக் குரலுயர்த்தி எச்சரித்தோம். திருப்பலி முடிந்தபின் வயதான தாய் ஒருவர் காத்திருந்து, “சாமி, ஆண்டவரு அழுதுகிட்டே சொன்னத நீங்க ஏசுற மாதிரி சொல்லிட்டீங்களே” என்றார். அவருடைய மகன் கோவிலுக்கு வருவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நாம் பின்னரே அறிந்தோம். குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் பயின்ற நமக்கு அத்தாய் ஒரே வரியில் மறைநூல் விளக்கம் தந்துவிட்டார். அன்று முதல் அந்நற்செய்திப் பகுதியை எடுக்கும்போதெல்லாம், நம் குரல் எந்த இடத்தில் உயர்கின்றது என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

எச்சரிக்கவே கூடாது என்பதன்று. ஆண்டவரே எச்சரித்தார். ஆனால் அழுத பின்னரே பேசினார். நாம் யாரைக் குறித்துக் கண்ணீர் விட்டதில்லையோ அவரைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி உண்டு?

பெரிய வெள்ளியன்று நாம் சொல்லும் பத்து மன்றாட்டுகளில் ஆறாவது யூத மக்களுக்கானது. இன்றைய மன்றாட்டு, கடவுள் முதன்முதல் பேசிய அம்மக்கள் அவரது பெயரை அன்பு செய்வதிலும் அவரது உடன்படிக்கைக்கு உண்மையாயிருப்பதிலும் வளர வேண்டுமென்று வேண்டுகின்றது. நீண்ட வழிபாட்டில் களைத்திருக்கும் நாம் அவ்வேளையில் மன்றாட்டின் பொருளைக் கருதாமலே முழந்தாளிட்டு எழுந்துவிடுகிறோம். வரும் பெரிய வெள்ளியில் அவ்விடத்தில் சற்றே தாமதித்து எழுவோம். முன்னோர் மடக்க மறுத்த முழங்கால்களுக்காகவும் சேர்த்து முழந்தாளிடுவோம். நம் இல்லத்தில், நம் தெருவில், நம் பங்கில் இறையன்பை ஏற்காது விலகி நிற்கும் ஒருவரின் பெயரை அவ்வேளையில் பழியின்றி நினைவுகூர்வோம். ஒலிவ மலைச் சரிவில் அந்நகரைக் கண்டு அழுதவர், நம்மையும் அவ்வாறே கண்டு அழுதவர் என்பதை மறவாதிருப்போமாக.